மாணவர்களைக் குழுவாகப் படிக்க வைப்பதில் நிஜமாகவே பயன் உண்டா?

கேள்வி: ஒரு வாசகர், 6 ஜூலை 2024

என் மகள் எட்டாம் வகுப்பு. இந்த வருடம் எல்லாப் பாடத்துக்கும் குரூப் போடுகிறார்கள். ஐந்து பேர் ஒரு குரூப். சார்ட் வாங்குவது நான், வரைவது அவள், எழுதுவது அவள், தெர்மாகோல் வெட்டுவது அவள் அப்பா. மற்ற நாலு பேரும் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். மதிப்பெண் எல்லாருக்கும் ஒன்றுதான். மிஸ்ஸிடம் கேட்டால், "சேர்ந்து செய்தால்தான் பிள்ளைகளுக்குப் பழக்கம் வரும்" என்கிறார். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இதில் என்ன லாபம்? எனக்கு இதெல்லாம் கண்துடைப்பாகத்தான் தெரிகிறது.

6 ஜூலை 2024, இரவு

சார்ட்டைப் பொறுத்தவரை கண்துடைப்பேதான். நான் தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவன். எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய், பீரோவுக்கு மேல் சுருட்டிச் செருகி வைத்திருக்கும் சார்ட்டுகளை இறக்கி விரித்துப் பாருங்கள். ஒரே கையெழுத்து, அடியில் ஐந்து பெயர். அந்தக் கையெழுத்தும் பாதிக்குப் பாதி அக்காவுடையதாக இருக்கும்.

ஆனால் அதை வைத்துக் குழுவாகப் படிப்பதே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மகளிடம் கேட்டது ஒரு பொருளைச் செய்து கொண்டுவரச் சொல்லி. அதற்கு ஒரு கை போதும், கெட்டிக்காரக் கையாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து பேர் வாயைத் திறந்து பேசினால்தான் முடியும் என்கிற மாதிரி அந்த வேலையில் ஒன்றுமே இல்லை. பேச வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் குழு எதற்கு?

சார்ட் ஏன் இப்படிப் பெருகியது என்பதும் ஒன்றும் ரகசியம் இல்லை. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை, வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கிற முப்பருவ முறை வந்தது. வகுப்பிலேயே அவ்வப்போது போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. அந்த 40இல் 20 செயல்பாட்டுக்கு. செயல்பாடு நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிள்ளைகள் பேசிக்கொண்டதை எதைக் காட்டி நிரூபிப்பது? சார்ட்டைக் காட்டலாம். பள்ளியைப் பார்க்க வருகிறவர்களும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

7 ஜூலை 2024, காலை

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அந்த நாலு பிள்ளைகளும் சோம்பேறிகள் என்று நினைக்க வேண்டாம். நூறு வருடத்துக்கு முன்பே அளந்து பார்த்த விஷயம் இது. பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மான் என்று ஒரு வேளாண் பொறியாளர், ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கயிறு இழுக்க விட்டு விசையை அளந்தார். 1913இல் அதை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, எட்டுப் பேரும் தனித்தனியாக இழுக்கக்கூடியதைக் கூட்டினால் வருவதில் ஏறக்குறைய பாதிதான் தேறியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூச்சைப் பிடித்து வடம் இழுப்பவர்கள் கொஞ்சம் பேர். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள் நிறைய. மீதிப் பேர் செல்ஃபி. தேர் என்னவோ நிலைக்கு வந்து சேர்ந்துவிடும். புண்ணியத்தையும் எல்லாருக்கும் சமமாகத்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள், உங்கள் மகள் வகுப்பு மதிப்பெண் மாதிரி.

7 ஜூலை 2024, மாலை

"கயிறு இழுப்பதும் படிப்பதும் ஒன்றா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஒன்று இல்லை. கயிறு இழுக்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் தம் பிடிக்காததாலும் விசை குறையும். இந்தக் குறை வேறு, உழைப்பு குறைவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தது 1979இல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில். பிப் லட்டானே என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, கத்தச் சொன்னார்கள். கூட ஐந்து பேர் கத்துகிறார்கள் என்று நம்பிக்கொண்டு, உண்மையில் ஒற்றை ஆளாகக் கத்தியவர்களும் அடக்கித்தான் கத்தினார்கள். அங்கே சேர்ந்து தம் பிடிக்கிற பிரச்சினையே கிடையாது.

அதே ஆட்கள் பிறகு இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள். ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாகப் பதிவாகிறது என்று சொன்னதும் எல்லாரும் ஒழுங்காகக் கத்த ஆரம்பித்தார்கள். எனக்கு வேண்டியது இந்தப் பகுதிதான். குழுவாக உட்கார வையுங்கள், ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் சத்தமும் தனியாகக் கேட்கிற மாதிரி வேலையைக் கொடுங்கள்.

9 ஜூலை 2024

"கதை போதும், உங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்." சரி.

சீட்டுக் கணக்கு. நாலு பேர் குழு, ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டைக் காட்டக் கூடாது, கை மாற்றக் கூடாது, வாயால் சொல்லலாம். நாலு சீட்டுக்கும் பொருந்துகிற ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு சீட்டில்: 4-ஆல் வகுத்தால் மீதி 1. இன்னொன்றில்: 3-ஆல் வகுத்தால் மீதி 2. மூன்றாவதில்: 5-ஆல் வகுத்தால் மீதி 4. நான்காவதில்: 50-க்கு மேல், 100-க்குள்.

நாலில் எதை எடுத்துவிட்டாலும் விடை ஒன்றாக நிற்காது. வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். சீட்டு தயாரிக்கும்போது நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

எட்டாம் வகுப்பில் கொடுத்தேன். ஜன்னலோரக் குழுவில் கணக்கில் முதல் வருகிற பெண் ஒருத்தி. இரண்டு பேர் தங்கள் சீட்டை வாசித்ததும் மடமடவென்று ரஃப் நோட்டில் 5, 17, 29 என்று எழுதினாள். "29 சார்!" என்று மூன்று பேருமாகப் பெஞ்சைத் தட்டினார்கள். எல்லாச் சீட்டும் பார்த்தாச்சா என்றேன். பார்த்தாச்சு சார் என்றார்கள். பெஞ்ச் ஓரத்தில் இருந்தவன் தன் சீட்டை எட்டாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் வைத்திருந்தான். வகுத்தல் இன்னும் தடுமாறுகிற பையன். அவனுக்குத்தான் சுலபமான சீட்டு, 50-க்கு மேல் 100-க்குள். "சார், என் சீட்டை யாருமே கேக்கல" என்றான்.

"உன்னுதுல என்னடா இருக்கு?" வாசித்தான். "அப்போ 29 இல்ல" என்று அவள் நோட்டில் அடித்தாள். 29ஓடு 20 கூட்டி 49 என்றாள். 3-ஆல் வகுத்தால் மீதி 1, ஒத்துவரவில்லை. இவனுக்கு வகுக்க வராது, ஆனால் அஞ்சு அஞ்சாக எண்ண வரும். 54, 59, 64, 69 என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். மற்ற மூவரும் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். 69-இல் கொஞ்சம் தகராறு. 4-க்குச் சரி, 3-க்குச் சரியில்லை. கடைசியில் 89.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கப்புறம் நடந்ததுதான். அந்தப் பையன் கேட்டான்: "20 கூட்டினா ஏன் வரல?" அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "20ங்கிறது நாலுக்கும் அஞ்சுக்கும் ஒத்துப்போகும்டா. மூணுக்கு ஒத்துப்போகாது. மூணு பேருக்கும் பொதுவா ஒண்ணு வேணும்... 60." சொல்லிவிட்டு, "சார், இது மீ.சி.ம. தானே?" என்று என்னைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பிலேயே மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள்தான். நாலு சீட்டையும் அவளிடமே கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் 89 என்று எழுதி நோட்டை மூடியிருப்பாள். 29-க்கும் 89-க்கும் நடுவே 60 ஏன் இருக்கிறது என்று அவள் யோசித்திருக்க மாட்டாள்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு என்னுடைய பதில் இவ்வளவுதான். கீழே இன்னும் என்ன எழுதினாலும் இதைத்தான் சுற்றிச் சுற்றி வருவேன் என்று நினைக்கிறேன்.

10 ஜூலை 2024

"குழுக் கல்வியை வெள்ளைக்காரன் நம் திண்ணைப் பள்ளியிலிருந்துதான் திருடினான்" என்று ஒரு பதிவு. பாதி சரி.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பில் இருந்தார். இங்கே நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி அறிக்கை போட்டார். அப்புறம் இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பள்ளிகள் நடந்தன. பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் அது குழுவாகப் படிப்பது கிடையாது. மூத்த மாணவன் வகுப்பை மேய்க்கிற நம் சட்டாம்பிள்ளை முறையும் அப்படித்தான், குழுவாகப் படிப்பது இல்லை. மேலே ஒருவன் சொல்ல, கீழே பத்துப் பேர் ஒப்பிப்பார்கள். ஆசிரியர் சம்பளம் மிச்சம் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. சட்டாம்பிள்ளையிடம், "20 கூட்டினா ஏன் வரல?" என்று கேட்டால் பிரம்புதான் பதில் சொல்லும்.

10 ஜூலை 2024, சற்று நேரம் கழித்து

நீங்களும் சட்டாம்பிள்ளையா என்று கேட்டவருக்கு: இல்லை, நான் இருந்ததில்லை. கரும்பலகை மூலையில் 'பேசியவர்கள்' என்று எழுதும் பட்டியலில் நிரந்தர உறுப்பினர். பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகளோடு.

13 ஜூலை 2024

"நன்றாகப் படிக்கிற பிள்ளை என்ன, சம்பளம் இல்லாத வாத்தியாரா?" நியாயமான கோபம்தான். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

நன்னூலில் பவணந்தியார் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் பிடிபடும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். பதிமூன்றாம் நூற்றாண்டுக்காரர், அளந்து பார்த்துச் சொன்னதில்லை. ஆனால் பங்கு பிரித்த விதத்தைப் பாருங்கள். பெரிய பங்கு சொல்லிக் கொடுப்பவனுக்கு.

அளந்து பார்த்தவரும் இருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நோரீன் வெப். குழுக்களில் பிள்ளைகள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். ஏன், எப்படி என்று விளக்கிச் சொன்ன பிள்ளைகள் முன்னேறினார்கள். விளக்கம் கேட்டபோது வெறும் விடை மட்டும் கிடைத்த பிள்ளைகளுக்குப் பயன் இல்லை, சில சமயம் பின்தங்கவும் செய்தார்கள். அப்படியானால் "இந்தா, பார்த்து எழுதிக்கோ" என்று நோட்டைத் தள்ளிவிடுகிற தாராளம் யாருக்கும் உதவாது. கொடுக்கிறவளுக்கும் இல்லை, வாங்குகிறவனுக்கும் இல்லை. உங்கள் மகள் சார்ட்டில் வண்ணம் தீட்டுகிறாளா, பக்கத்தில் இருப்பவளுக்குக் காரணம் சொல்கிறாளா? அதைத்தான் கேட்க வேண்டும்.

அதற்குள் அடுத்த சந்தேகம் வரும்: தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்கிறான், அவ்வளவுதானே? இல்லை என்று காட்டியவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள். மரபியல் வகுப்பில் ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்து ஆட்களோடு பேசிவிட்டு மறுபடி பதில். பிறகு அதே கருத்தை வேறு மாதிரிக் கேட்கிற இரண்டாவது கேள்வி, மறுபடி தனியாக. முதலில் குழுவில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாத இடத்திலும், பேசிய பிறகு தேறியவர்கள் இருந்தார்கள். 2009இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. இந்த, பேசிவிட்டு மறுபடி வாக்களிக்கும் முறையைப் பிரபலமாக்கியவர் ஹார்வர்டில் இயற்பியல் சொல்லிக் கொடுத்த எரிக் மசூர், 1990களில்.

அவர்களிடம் அதற்குத் தனிக் கருவி இருந்தது. எங்களிடம் விரல். அ-வுக்கு ஒன்று, ஆ-வுக்கு இரண்டு. கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பின் பெஞ்ச் முழுக்க முன் பெஞ்சின் விரலைப் பார்த்துத் தன் விரலை மாற்றும்.

14 ஜூலை 2024

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பேச்சு திசை மாறட்டும். கம்பைன் ஸ்டடி பற்றி யாரும் ஏன் பேசவில்லை? தமிழ்நாட்டில் வாத்தியார் யாரும் போடாத, பிள்ளைகளே போட்டுக்கொள்கிற ஒரே குழு அதுதான்.

கல்லூரி விடுதியில் எங்களுடைய கம்பைன் ஸ்டடி பெரும்பாலும் டீ, கொஞ்சம் கேரம், இடையில் வகைக்கெழு. ஆனால் தேர்வுக்கு முந்தின இரவு, பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு, "இதை நீ சொல்லு பார்ப்போம்" என்று ஒருவரை ஒருவர் மடக்கிய இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதில்தான் எனக்குத் தெரியாதது எது என்று எனக்கே தெரிந்தது. தனியாகப் படித்தபோது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதக்காரர் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெரும் அளவில் தோற்றார்கள். பேராசிரியர்களிடம் காரணம் கேட்டால் அக்கறை இல்லை, அடிப்படை சரியில்லை, குடும்பச் சூழல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டிரைஸ்மன் அவர்களையும், நன்றாகச் செய்துகொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு 8 மணி நேரம் ஒழுங்காகத்தான் படித்தார்கள், பேராசிரியர்கள் சொன்ன அளவு. ஆனால் தனியாக. மற்றவர்கள் தனியாகப் படித்து முடித்த பிறகு ராத்திரி கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் சோதித்தார்கள். இதைப் பார்த்துவிட்டு டிரைஸ்மன் ஒரு பயிலரங்கு தொடங்கினார். டியூஷன் மாதிரி எளிய பாடம் கிடையாது. கஷ்டமான கணக்குகள், குழுவாக உட்கார்ந்து முட்டி மோத வேண்டியவை. அதில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது.

நாம் மெல்லக் கற்போருக்குக் குழு போட்டால் எளிய கணக்காகப் பொறுக்கிக் கொடுக்கிறோம். எளிய கணக்கில் பேச என்ன இருக்கிறது?

கேரம் பற்றிக் கேட்டவருக்கு: சுமாராக ஆடுவேன்.

16 ஜூலை 2024

யாரை யாரோடு போடுவது? கொஞ்சம் கசப்பான விஷயம்.

"நீங்களே குழு பிரிச்சுக்கோங்க" என்று விட்டுப் பாருங்கள், ஊரின் தெருக்கள் அப்படியே பெஞ்சில் வந்து உட்காரும். எந்தத் தெரு யாருடையது என்று தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பற்றிச் சுற்றறிக்கை போட வேண்டியிருந்த மாநிலம் இது. நாங்குநேரியில் சாதிப் பகையில் மாணவர்களே சக மாணவனை வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. நல்ல யோசனை. எங்கள் வகுப்பில் அப்படி வைத்தால் ஒரு பெஞ்ச் முழுக்க மாரி, அடுத்த பெஞ்ச் முழுக்க முத்து. பரவாயில்லை.

என் வழி இது: வருகைப் பதிவேட்டு எண்ணை 9-ஆல் வகுக்க வேண்டும். மீதி எதுவோ அதுதான் குழு எண். 36 பேர் என்றால் நாலு நாலு பேராக ஒன்பது குழு சரியாக வந்துவிடும். பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பின்னால் இருப்பதால் அதுவும் தானாகக் கலக்கும். "ஏன் சார் என்னை அவன்கூடப் போட்டீங்க?" என்று கேட்டால், நான் போடவில்லை, 9 போட்டது என்பேன். அடுத்த பருவத்தில் வகுக்கும் எண்ணை மாற்றலாம்.

என் சீட்டு மாதிரித் துண்டு துண்டாகப் பாடத்தைப் பிரித்துக் கொடுக்கிற முறைக்கே வேர் இந்த மாதிரிப் பிரச்சினையில்தான் இருக்கிறது. 1971இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே பள்ளியில் போட்டபோது அடிதடி. எலியட் அரான்சன் என்ற சமூக உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்தது, கை தூக்குவதில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிற வகுப்பு. ஒருவன் பதில் தெரியாமல் விழித்தால் மற்றவனுக்குக் கொண்டாட்டம். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். தேர்வோ முழுப் பாடத்துக்கும், தனித்தனியாக. இப்போது பக்கத்தில் இருப்பவன் தடுமாறினால் கிண்டல் செய்வது நஷ்டம், பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து விஷயத்தை வரவழைப்பதுதான் லாபம். சில வாரங்களில் பகை குறைந்தது. கிண்டலுக்கு ஆளான பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியது.

ஒரு குழுவில் உட்கார வைத்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. மணி அடித்ததும் தெரு திரும்ப வந்துவிடும். அந்த நாற்பது நிமிடம் அவனுடைய சீட்டை இவன் கேட்டாக வேண்டும், அவ்வளவுதான் என் கையில் இருப்பது.

18 ஜூலை 2024

"தமிழ்நாட்டில் இதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்துக் கைவிட்டாயிற்றே" என்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். செயல்வழிக் கற்றலைச் சொல்கிறார். ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பாய், அட்டை, எந்த அட்டைக்கு அடுத்து எது என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் உயரத்துக்குக் கீழே கரும்பலகை. ஆசிரியர் உதவியோடு ஒரு குழு, சக மாணவர் உதவியோடு ஒரு குழு, தானே படிக்க ஒரு குழு. ஒரு பிள்ளை எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று அதன் கையில் இருக்கும் அட்டை சொல்லும். எனக்கு அதில் பிடித்தது இதுதான். எல்லாவற்றுக்கும் குழு என்று இல்லை, இந்த அட்டைக்குக் குழு, அந்த அட்டைக்குத் தனி.

மேல் வகுப்புக்கு வந்தது படைப்பாற்றல் கல்வி. அங்கேதான் சடங்கு ஆரம்பித்தது. பாடம் எதுவாக இருந்தாலும் மனவரைபடம். ஒளிச்சேர்க்கைக்கும் மனவரைபடம், பானிபட் போருக்கும் மனவரைபடம். நடுவில் வட்டம், சுற்றிலும் கிளை. குழுவில் யார் கையில் ஸ்கெட்ச் பேனா இருக்கிறதோ அவர் வரைவார், மற்றவர்கள் மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கணக்குக்கும் போடச் சொன்னார்கள். போட்டோம்.

ஐயா, அதைக் கைவிட்டதில் எனக்கும் வருத்தம் இல்லை. ஆனால் போனது மனவரைபடம், அதோடு சேர்த்துக் குழுவையும் தூக்கிப் போட்டதுதான் எனக்குப் புரியவில்லை.

20 ஜூலை 2024

9ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். சீட்டு முறை ஏதோ மந்திரம் மாதிரித் தொனிக்கிறது. இரண்டு இடத்தில் எனக்கே தயக்கம் உண்டு.

முதலாவது மதிப்பெண். குழுவில் ஒருவரைக் குலுக்கல் போட்டு எழுப்பி விளக்கச் சொல்லி, அந்த மதிப்பெண்ணை எல்லாருக்கும் போடுவார்கள் சிலர். பொறுப்பு வரும் என்பது உண்மை. ஆனால் குலுக்கலில் அந்த ஜாமெட்ரி பாக்ஸ் பையன் வந்து அவன் திக்கினால்? வகுப்பு முடிந்ததும் மற்ற மூவரும் அவனை என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்லேவின் இதற்கு ஒரு வழி சொன்னார். தேர்வைத் தனியாக எழுதட்டும். ஒவ்வொருவரும் தன் பழைய மதிப்பெண்ணைவிட எவ்வளவு ஏறினார் என்பதைக் கூட்டிக் குழுவுக்குக் கொடுங்கள். 12 எடுத்தவன் 18 எடுத்தால் குழுவுக்கு வரவு. 48 எடுப்பவள் மறுபடி 48 எடுத்தால் வரவு குறைவு, அதனால் அவள் பக்கத்தில் இருப்பவனைத் தூக்கிவிடப் பார்ப்பாள். ஸ்லேவின் முறையில் முழு மதிப்பெண் எடுத்தவருக்கும் அதிகபட்ச வரவு உண்டு, இல்லையென்றால் முதல் மாணவிக்கு அநியாயம். நான் செய்வது இதுதான். ஆனால் பதிவேட்டில் இந்தக் கணக்கை எழுத இடம் இல்லை, என் சொந்த நோட்டில் ஓடுகிறது.

இரண்டாவது, பேசவே பிடிக்காத பிள்ளை. "என் மகன் தனியாக விட்டால்தான் படிப்பான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். விட்டுவிடுங்கள், படிக்கட்டும். டிரைஸ்மன் பார்த்த மாணவர்களும் முதலில் தனியாகப் படித்துவிட்டுத்தான் கூடினார்கள். மசூரும் முதல் வாக்கைத் தனியாகத்தான் கேட்கிறார். நானும் இப்போது எந்தக் குழு வேலையும் ஐந்து நிமிட மௌனம் இல்லாமல் தொடங்குவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். பக்கத்தில் இருக்கும் ஒருத்தியிடம் மட்டும் என்றால் சாக்பீஸ் எடுக்கக்கூட இடம் விடாமல் பேசுவாள். அவளுக்கு இரண்டு பேரே குழு.

20 ஜூலை 2024, இரவு

ஆறு பேர் குழு போடலாமா என்று கேட்டால், வேண்டாம். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் படிப்பார்கள், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டு பேர் பேனா சண்டை போடுவார்கள்.

சத்தத்துக்குத் தலைமையாசிரியர் திட்டுகிறாரே என்றவருக்கு: எங்களவரும் திட்டினார். உள்ளே கூப்பிட்டு ஒரு குழுவோடு உட்கார வைத்துச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். பீரியட் முடிகிறவரை போகவில்லை. இப்போதும் சத்தத்துக்குத் திட்டுகிறார், ஆனால் வராண்டாவில் நின்று விடை என்ன என்று கேட்டுவிட்டுத் திட்டுகிறார்.

21 ஜூலை 2024

மூன்று பேருக்குச் சீட்டு கேட்டவருக்கு. அந்த 89 கணக்கு இனி என் வகுப்புக்கு ஆகாது, விடை இங்கே கிடக்கிறது. புதிதாக ஒன்று:

முதல் சீட்டு: 3-ஆல் வகுத்தால் மீதி 2. இரண்டாவது: 5-ஆல் வகுத்தால் மீதி 4. மூன்றாவது: இரட்டை எண், 50-க்கு மேல் 100-க்குள்.

எந்தச் சீட்டை எடுத்தாலும் கணக்கு நிற்காது, சரிபார்த்துவிட்டேன். மூன்றாவது சீட்டை வகுத்தல் வராத பிள்ளைக்குக் கொடுங்கள். விடையை இங்கே எழுத மாட்டேன். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இரண்டு பேர் இந்த இழையைப் படிக்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமைதான் தெரிய வந்தது.